வீட்டுக் கூரையில் சுற்றும் கிரகங்கள்!

உலகம் அழியப்போகிறது!

1774-ம் ஆண்டில் நெதர்லாந்தின் வடபகுதியான பிரீஸ்லாந்தில் எங்கும் இதே பேச்சு. மே மாதம் 8-ந் தேதி புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகிய 4 கிரகங்களும் சந்திரனும் வானத்தில் ஒரே பக்கத்தில் கூடும், அவை மோதிக்கொள்ளும், பூமி பாதை மாறிச் சூரியனில் எரிந்துபோகும் என்று பாதிரியார் ஒருவர் சிறு நூல் எழுதினார். மக்கள் நடுங்கினார்கள்.

மே 8 வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை.

பயந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பிரானெக்கர் என்ற சிறு நகரில் வாழ்ந்த ஐசே ஐசிங்கா செய்தது வேறு.

அவர் பட்டம் பெற்ற பண்டிதர் அல்ல. ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்துச் சீவுவது அவர் தொழில். தகப்பனார் செய்ததும் அதுவே. ஆனால், கணக்கில் புலி! 15 வயதிலேயே பெரிய கணக்கு நூல் ஒன்றை எழுதியவர்.

ஆணியே பல்!

அதே 1774-ல் தம் வீட்டுக் கூடத்தின் உட்கூரையில் அவர் வேலையைத் தொடங்கினார். 7 ஆண்டுகள் பாடுபட்டு, 1781-ல் முடித்தார்.

மரத்தில் சக்கரங்களும் வளையங்களும் செய்தார். அவற்றுக்குப் பற்களாக ஆயிரக்கணக்கான ஆணிகளை அடித்தார். எல்லாவற்றையும் ஓட்டுவது ஓர் ஊசல் கடிகாரம்.

நடுவில் சூரியன், சுற்றிலும் 6 கிரகங்கள். 10 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது கணக்கு. அதன்படி சூரியனிலிருந்து பூமி 15 சென்டிமீட்டர் தூரம். ஒரு சாண்கூட இல்லை!

வேகமும் வானத்து வேகமே. புதன் 88 நாளில் சுற்றி வரும். பூமிக்கு ஓர் ஆண்டு. சனிக்கு 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அண்ணாந்து பார்த்தால் உண்மை விளங்கிவிடும். ஒவ்வொரு கிரகத்துக்கும் தனிப் பாதை. சாலையின் ஒரு முனையில் நின்று பார்த்தால், தூரத்து மின்கம்பங்கள் ஒட்டி நிற்பதுபோல் தெரிகின்றன அல்லவா? கிரகங்கள் கூடுவதும் அப்படித்தான். கண்ணுக்குத்தான் நெருக்கம், நடுவே கோடிக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி!

ஏச்சு மருந்தாகுமா?

அயல்நாட்டுக் கதைதானே என்று இதை ஒதுக்க முடியாது. 1962 பிப்ரவரியில், அஷ்டகிரகச் சேர்க்கையால் உலகம் அழியும் என்று இந்தியாவில் ஏராளமானோர் அஞ்சினார்கள். யாகங்கள் நடந்தன. 188 ஆண்டுகள் கழித்தும் அதே பயம்! உலகம் அப்போதும் அழியவில்லை.

பயத்துக்கு ஏச்சு மருந்தாகாது. மூடர்கள் என்று திட்டினால் பயந்தவர் வாயை மூடிக்கொள்வார். பயம் மட்டும் மனதில் அப்படியே இருக்கும். கண்ணால் காட்டினால்தான் அது போகும்.

கைபேசியில் இதையெல்லாம் பார்க்கலாமே என்று சிலர் கேட்கலாம். பார்க்கலாம். ஆனால், விரலால் தள்ளினால் சனி ஒரு நொடியில் சுற்றி முடித்துவிடும். எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்பது தெரியாது. தானே பல் எண்ணி, ஆணி அடித்துச் செய்த பிள்ளைக்கு அது மறக்காது.

ஆகவே, பள்ளிதோறும் மாணவர்களே கூடி இப்படி ஒன்றைச் செய்ய வேண்டும். அட்டையும் மரத்துண்டும் ஆணியும் போதும். செய்ததைப் பெற்றோருக்கும் பாட்டி தாத்தாவுக்கும் காட்ட வேண்டும். பேரப்பிள்ளை காட்டினால் பாட்டி நம்பாமலா போவார்?

பிரானெக்கரில் அன்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 1811-ல் அதை மூடிவிட்டார்கள். கம்பளித் தொழிலாளியின் கூரையோ இன்றும் ஓடுகிறது! உலகில் இன்னும் இயங்கும் மிகப் பழைய கோளரங்கம் அதுதான். 2023-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

வெறும் பேச்சு அன்றே காற்றோடு போயிற்று. கையால் செய்து காட்டியது நிலைத்து நிற்கிறது.