கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதா?

1/
"எனக்கு கோதுமை ஒத்துக்காது, ரவை, மைதா எதுவும் வேணாம்"னு ஒரு விருந்தாளி சொன்னா நம்ம வீட்ல என்ன நடக்கும்? முதல்ல ஒரு சிரிப்பு. அடுத்தது "இதெல்லாம் பணக்கார வியாதி". கடைசியா "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க". இந்த மூணாவது வாக்கியத்தைப் பத்திதான் இந்த நீண்ட பதிவு. திட்டணும்னு தோணினா முழுசா படிச்சுட்டு திட்டுங்க மக்களே.

2/
முதல் குற்றவாளி நான்தான். அதனால என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் ஆண்டிமடம். ஜெயங்கொண்டத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவுல, செம்மண்ணும் முந்திரிக்காடுமா இருக்கிற ஊர். மேற்படிப்பு படிச்சப்ப என்கூட தங்கியிருந்த நண்பன் லூதியானாக்காரன். 24 வயசுல அவனுக்கு சீலியாக் நோய்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷம் ரத்தசோகைன்னு இரும்புச்சத்து மாத்திரை மட்டுமே தின்னுக்கிட்டு இருந்தவன். ரத்தம் ஏறவே இல்ல. குடல் உறிஞ்சினாதானே ஏறும்?

3/
என் தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் ஊருக்கு வந்தான். நான் அம்மாகிட்ட போன்ல சொன்னது ஒரே வரி: "அவனுக்கு சப்பாத்தி, பூரி மட்டும் வேணாம்மா. நம்ம சாப்பாடு எல்லாம் அரிசிதானே, பிரச்சினை இல்ல." சமையக்கட்டுக்குள்ள கால் வைக்காத ஆம்பளை சொன்ன மருத்துவ ஆலோசனை அது.

4/
முதல் நாள் மதியம் இலை போட்டாச்சு. எங்க பெரியம்மாவுக்கு அப்பவே எழுபது வயசுக்கு மேல. கொல்லையில விளைஞ்ச முந்திரிப்பருப்பை நெய்யில வறுத்துப் போட்டு ரவா கேசரி கிண்டிக் கொண்டு வந்தாங்க. "வேணாம் அம்மா"ன்னு அவன் தெரிஞ்ச தமிழ்ல கையெடுத்துக் கும்பிட்டான். பெரியம்மா முகம் வாடிப்போச்சு. "ஒரு வாய் தம்பி, எனக்காக."

அவன் என்னைப் பார்த்தான். எம்.பி.பி.எஸ். முடிச்சு மேற்படிப்பும் படிச்ச நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்: "ஒரு வாய்தானேடா, ஒண்ணும் ஆகாது."

5/
சாப்பிட்டான். ஒன்றரை மணி நேரத்துல வாந்தி. ராத்திரி முழுக்க வயித்துவலி, பேதி. முகூர்த்தத்துக்கு எல்லாரும் மண்டபத்துல இருந்தப்ப அவன் எங்க வீட்டுத் திண்ணையில சுருண்டு கிடந்தான். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லல. அதுதான் இன்னைக்கும் உறுத்துது.

6/
இப்ப கணக்குக்கு வருவோம். சீலியாக் என்பது அலர்ஜி இல்ல. செரிமானக் கோளாறும் இல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சுகிற விரல் போன்ற குடல் உறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. வெளியே தெரிவது வயித்துப்போக்கு மட்டும் இல்ல. ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், வளராத பிள்ளை, குழந்தைப்பேறின்மை, அரிதாகக் குடல் புற்றுநோய் வரை போகும். மருந்து கிடையாது. குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து.

7/
"கொஞ்சம்" என்பது எவ்வளவு? 2007-ல் வந்த ஒரு ஆய்வில், சீலியாக் உள்ளவர்களுக்கு தினமும் வெறும் 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் மூணு மாசம் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் உறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. ஒரு கரண்டி கேசரியில் 15 கிராம் ரவை இருந்தால், அதில் குளூட்டன் ஒரு கிராமுக்கு மேல். அதாவது அந்த ஆய்வில் இருபது நாளைக்குக் கொடுத்த அளவு. பெரியம்மாவின் "ஒரு வாய்" அவ்வளவுதான்.

"குளூட்டன் இல்லாதது" என்று பாக்கெட்டில் போட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. சட்டம் அவ்வளவு கறாரா இருக்கு. நாம "கொஞ்சம்தானே"ங்கிறோம்.

8/
"பணக்கார வியாதி"ங்கிறவங்களுக்கு ஒரு வரலாறு. இரண்டாம் உலகப்போர், 1944-45 குளிர்காலம். நெதர்லாந்தில் கொடும் பஞ்சம், ரொட்டியே இல்லை. ஊரே பட்டினியில் மெலிஞ்சப்ப, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தைகள் மருத்துவருக்கு கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1950-ல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார். பணக்காரர்களைப் பார்த்து வந்த கண்டுபிடிப்பு இல்லைங்க இது.

9/
சரி, கதைக்கு வருவோம். அடுத்த நாள் அம்மா அழுதுட்டே தனியா சமைச்சாங்க. சோறு, சாம்பார், ரசம், முருங்கைக்கீரை பொரியல், சாயங்காலம் அரிசிமாவு கொழுக்கட்டை. கோதுமையின் நிழல் கூட இல்லைன்னு நான் சத்தியம் பண்ணுவேன். அவனுக்கு வயிறு அன்னைக்கும் தேறல. பழைய பாதிப்பா, புதுசான்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்குத்தான் வாழ்க்கையில முதல் தடவையா நான் சமையக்கட்டு அலமாரியில இருந்த டப்பாக்களை ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சேன்.

10/
பெருங்காய டப்பா. பின்னாடி பொடி எழுத்துல உட்பொருள்: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம்.

ஆமாங்க. கடையில வாங்குற பெரும்பாலான பெருங்காயம் கூட்டுப் பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வரும் பிசினை அப்படியே சமையலில் போட முடியாது, வீரியம் தாங்காது. அதனால மாவும் கோந்தும் கலந்துதான் விக்கிறாங்க. சிலர் கோதுமை மாவு, மைதா கலக்கிறாங்க. சிலர் அரிசி மாவு. தூளும் அப்படித்தான், கட்டியும் அப்படித்தான். இது கலப்படம் இல்ல, தயாரிப்பு முறையே அதுதான். லேபிள்லயே போட்டிருக்காங்க. படிக்காதது நம்ம தப்பு.

11/
சாம்பார்ல ஒரு சிட்டிகை, ரசத்துல ஒரு சிட்டிகை, மோர்ல ஒரு சிட்டிகை. மூணு வேளை. கடையில வாங்குற ரசப்பொடி, சாம்பார் பொடி, ஊறுகாய், அப்பளத்துலயும் பெருங்காயம் இருக்கும். ஒவ்வொண்ணும் சின்ன அளவுதான், ஒத்துக்கிறேன். ஆனா 50 மில்லிகிராம் கணக்கை இன்னொரு தடவை பாருங்க. "கொதிக்க வச்சா போயிடும்"னு சொல்லாதீங்க. அது கிருமி இல்ல, புரதம். சூட்டுக்கு அந்தக் குணம் போகாது.

12/
அப்புறம் அந்தக் கொழுக்கட்டை மாவு. அம்மா பச்சரிசியை ஊர்ல இருக்கிற மாவு மெஷின்லதான் அரைச்சிருந்தாங்க. அங்க வரிசையில நமக்கு முன்னாடி நின்னவங்க கையில என்ன இருந்துச்சு? ரேஷன் கோதுமை. மெஷினுக்குள்ள ஒட்டியிருந்த கோதுமை மாவு முதல்ல விழுற நம்ம அரிசி மாவோட சேர்ந்துதான் வரும். யார் மேலயும் தப்பில்ல. ஆனா யாரும் நினைச்சுப் பார்க்கல.

13/
ஆகவே என் வாதம் இதுதான். நம்ம சமையல் முக்கால்வாசி இயல்பாவே குளூட்டன் இல்லாதது. அரிசி, உளுந்து, கம்பு, கேழ்வரகு, வரகு, சோளம், பருப்பு எதிலும் அது கிடையாது. உலகத்துலயே இந்த விருந்தாளிக்கு சுலபமா சமைக்கக்கூடிய ஊர்கள்ல நம்ம ஊரும் ஒண்ணு. அப்படியிருந்தும் அவரை நோயாளியாக்கி அனுப்புறோம்னா காரணம் சாப்பாடு இல்ல. கேட்க மாட்டேங்கிற நம்ம காதும், வற்புறுத்துற நம்ம வாயும்.

14/
வற்புறுத்துறதை அன்புன்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்துட்டோம். சர்க்கரை நோயாளிக்கு ரெண்டாவது ஜாங்கிரி, சிறுநீரகம் கெட்டவருக்கு இன்னொரு இளநீர். எல்லாம் அன்புதான். மறுநாள் படுக்கிறது அவர்தானே? விருந்தாளி "வேண்டாம்"னு சொன்னப்புறம் இலையில வைக்கிற ஒரு கரண்டி நம்ம பெருமைக்காக வைக்கிறது.

15/
இன்னொரு கூட்டத்தையும் விடப்போறதில்ல. "கோதுமையே விஷம், எல்லாரும் விடுங்க, பத்து கிலோ குறையும்"னு வீடியோ போடுறவங்க. இன்னைக்கு நிஜ நோயாளி வாயைத் திறந்தா ஊர் சிரிக்குதுன்னா, அதுல பாதிப் பங்கு இவங்களுக்கு. சீலியாக், கோதுமை அலர்ஜி, கோதுமை ஒவ்வாமல் வயிறு உப்புபவர்கள் தவிர மற்றவர்களுக்கு கோதுமை விஷம் இல்லை. குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பிஸ்கட்தான், அதுலயும் சர்க்கரை உண்டு.

இதுல ஆபத்தும் இருக்கு. சந்தேகம் இருக்கிறவங்க டாக்டரைப் பார்க்காம தானே கோதுமையை நிறுத்திட்டா, அப்புறம் எடுக்கிற டிடிஜி ரத்தப் பரிசோதனையில நோய் தெரியாமப் போகலாம். பரிசோதனை முடியுற வரை வழக்கம்போல சாப்பிடணும். இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்குங்க.

16/
"டாக்டர், தமிழ்நாட்டுல இது எத்தனை பேருக்கு இருக்கப் போகுது?" நியாயமான கேள்வி. 2016-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வு வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூணு பகுதிகளை ஒப்பிட்டது. தெற்குக்கு வேலூர். ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்புப் புரதம் வடக்கே நூற்றில் ஒருவருக்கு மேல், இங்கே ஆயிரத்தில் ஒருவர். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு? ரெண்டு பக்கமும் மூன்றில் ஒருவருக்கு மேல், கிட்டத்தட்ட சமம். பெரிய வித்தியாசம் தட்டுலதான். அங்கே ஒரு நாளைக்கு 400 கிராமுக்கு மேல் கோதுமை, இங்கே 40 கிராம் கூட இல்லை.

17/
மரபணு இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது. ஆனா நம்ம தட்டு மாறிக்கிட்டே இருக்கு. சர்க்கரைன்னா ராத்திரி சப்பாத்தி, ஹாஸ்டல்ல சப்பாத்தி, ரோட்டோரம் பரோட்டா, பிள்ளைக்கு பிஸ்கட், மால்ட் பானம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு வடக்கேயிருந்து வேலைக்கு வர்றாங்க. நம்ம பிள்ளைங்க அங்கே வேலைக்குப் போய் அங்கேயே பொண்ணு பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. நாளைக்கு இந்த விருந்தாளி உங்க மருமகளா வரலாம். உங்க பேரனாவும் இருக்கலாம். அப்பவும் சிரிப்பீங்களா?

18/
சரி, என்ன செய்யணும்? சேவ் பண்ணி வச்சுக்குங்க.

வர்றதுக்கு முன்னாடியே அவர்கிட்ட கேளுங்க: "எது எது ஆகாது? பாத்திரம் தனியா வேணுமா?" வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

வேண்டாதவை: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் பானங்கள், பெரும்பாலான சோயா சாஸ். ஓட்ஸும் வேணாம், ஆலையிலேயே கோதுமை கலந்திருக்கும்.

பெருங்காயம்: அரிசி மாவு சேர்த்ததுன்னு லேபிள்ல இருந்தா போடுங்க. இல்லேன்னா விட்டுடுங்க. ரெண்டு பல் பூண்டு கூடுதலா தட்டிப் போட்டா ரசம் ஒண்ணும் அழுதுடாது.

19/
மாவு: ஊர் மெஷின் மாவு வேணாம். ஊறவச்சு வீட்டு கிரைண்டர்ல அரைங்க. இட்லி, தோசை, ஆப்பம், பணியாரம் எல்லாம் ஆகும்.

தோசைக்கல்: சப்பாத்தி போட்ட கல்லை நல்லா தேய்ச்சுக் கழுவுங்க. பூரி பொரிச்ச எண்ணெய்ல அவருக்கு வடை சுடாதீங்க. கரண்டியை மாத்தி மாத்திப் போடாதீங்க. அவருக்கு முதல்ல பரிமாறுங்க.

இனிப்பு: பாசிப்பருப்பு பாயசம், ஜவ்வரிசி பாயசம், எள்ளுருண்டை. முந்திரிப்பருப்பை அள்ளிப் போடுங்க, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?

கல்யாண வீடா? சமையல்காரர்கிட்ட நேரா பேசுங்க. குருமாவைக் கெட்டியாக்க, கோழியைப் பொரிக்க மைதா போடுவாங்க. நிச்சயமாத் தெரியலேன்னா வெறும் சோறு, தயிர், வீட்ல சமைச்ச குழம்பு. அது அவமரியாதை இல்ல.

20/
அப்புறம் ஆம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. விருந்தாளியை அழைக்கிறது நீங்க, வேகுறது அம்மாவும் மனைவியுமா? போன்ல ஒரு வரி உத்தரவு போட்டுட்டு மண்டபத்துல கை குலுக்கிட்டு நிக்காதீங்க. டப்பாவை எடுத்து லேபிளைப் படிக்கிற வேலையாவது செய்யுங்க. நான் அன்னைக்கு அதைச் செஞ்சிருந்தா ஒருத்தன் திண்ணையில சுருண்டிருக்க மாட்டான்.

21/
அவன் போன வருஷம் குடும்பத்தோட மறுபடி ஆண்டிமடம் வந்தான். வருவான்னு நான் எதிர்பார்க்கல. அம்மா புதுசா ஒரு சின்ன அஞ்சறைப்பெட்டி வாங்கித் தனியா வச்சிருந்தாங்க. கம்பு சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, பாசிப்பருப்பு பாயசம். அவன் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். யாரும் வற்புறுத்தல.

பெரியம்மா இப்ப இல்ல. இருக்கிற வரைக்கும் அவனைப் பத்திப் பேச்சு வந்தா "அந்தப் புள்ளைக்கு நான்தான் பண்ணிட்டேன்"னு சொல்லுவாங்க. இல்ல பெரியம்மா. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் பக்கத்துல நின்னு சிரிச்சான்.

22/
அடுத்த தடவை உங்க வீட்டு இலையில ஒருத்தர் "வேண்டாம்"னு கை காட்டினா, கரண்டியைப் பின்னாடி எடுங்க. "வேற என்ன வைக்கட்டும்?"னு கேளுங்க. விருந்தோம்பல்னா அதுதான்.

பெருங்காய டப்பாவை இப்பவே எடுத்துப் படிச்சுப் பார்த்துட்டு, என்ன மாவு போட்டிருக்குன்னு கீழே சொல்லுங்க.