எட்டுத் துண்டு நலங்குப் பாட்டு

சகோதரி ஒருவர் தம் வீட்டுச் சங்கதி ஒன்றை எழுதி யோசனை கேட்டிருக்கிறார். 1997-ம் ஆண்டு, அவர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மாமியாரை அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்து, நலங்குப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்களாம். பாட்டு எட்டு நிமிஷம். பதிவானதோ எட்டுத் துண்டுகள். துண்டுக்கு ஒன்றாக எட்டு பிளாப்பிகள். மாமியார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. வருகிற தையில் பேத்திக்குக் கல்யாணம். நலங்கின்போது பாட்டியின் குரலையே வைத்தால் என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. துண்டுகளை ஒட்ட முடியுமா, ஒட்டும்போது குரல் கெட்டுவிடாதா என்பது சகோதரியின் கவலை.

ஒட்ட முடியும். கெடுவதும் கெடாததும் ஒட்டுகிறவருடைய பொறுமையைப் பொறுத்தது.

எட்டு நிமிஷப் பாட்டு எட்டுத் துண்டாக ஆவானேன்? மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்க் காப்பி சாப்பிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள்! அந்த நாளில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்த 'ஸவுண்ட் ரிக்கார்டர்' என்ற சிறு கருவி, ஒரு தடவைக்கு அறுபது விநாடிதான் பதிவு செய்யும். பாடுகிறவர் பாதி வார்த்தையில் இருந்தாலும் சரி, அறுபதாவது விநாடியில் டக்கென்று நின்றுவிடும். 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லிருந்து எக்ஸ்பி வரையில் இதே கண்டிப்புத்தான். கெட்டிக்காரர்கள் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் ஒரு நிமிஷ மௌனத்தைப் பதிவு செய்வது. அந்த மௌனத்தோடு அதே மௌனத்தைப் பல தடவை ஒட்டி நீளமாக்கிக் கொள்வது. பிறகு அதன் மேலேயே பாட்டைப் பதிவது! 2007-ல் வந்த விஸ்டாவில் நிமிஷக் கட்டுப்பாடு ஒழிந்தது. கூடவே ஒட்டுகிற வசதியும் ஒழிந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குவது இந்தக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு வழக்கந்தான்.

சகோதரி முதலில் செய்ய வேண்டியது ஒட்டு வேலை அல்ல, பிளாப்பிகளைக் காப்பாற்றுவது. பிளாப்பியின் மூலையில் சிறு சதுரத் துவாரமும், அதை மூடித் திறக்கும் தாழ்ப்பாளும் இருக்கும். துவாரம் திறந்திருந்தால் கம்ப்யூட்டரால் அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. எட்டிலும் திறந்து வையுங்கள். தட்டில் பூஞ்சை பூத்திருந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவும் கெடும், அடுத்த பிளாப்பியும் கெடும். யு.எஸ்.பி. வழியாக மாட்டும் பிளாப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது எட்டையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். படிக்க முடியாத பிளாப்பியைக் கண்டால் "இதை பார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் வெகு மரியாதையாகக் கேட்கும். கூடாது என்று சொல்லிவிடுங்கள்! சரி என்றால் பாட்டி போய்விடுவார். மேலே ஒட்டிய சீட்டு அழிந்து வரிசை தெரியாவிட்டால், ஒவ்வொரு பைலிலும் பதிவான தேதியையும் மணியையும் பாருங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று அநேகமாகத் தெரிந்துவிடும்.

பைலுக்குள்ளே இருப்பது என்ன? வெறும் எண்கள்தான். பாடும்போது காற்று அதிர்கிறது அல்லவா? அந்த அதிர்வைக் கம்ப்யூட்டர் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து குறித்துக்கொள்கிறது. நம் புள்ளிக் கோலந்தான். புள்ளிகள் மட்டும் வெகு நெருக்கம். 'ரேடியோ தரம்' என்று அந்தக் கருவி சொன்ன பதிவில் விநாடிக்கு 22,050 புள்ளி. புள்ளிக்கு ஒரு பைட் வீதம் நிமிஷத்துக்கு 13,23,000 பைட். பிளாப்பி கொள்வது 14,57,664 பைட். ஒரு நிமிஷம் ஒரு பிளாப்பியில் எப்படிக் கச்சிதமாக அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா! ஸி.டி. தரத்தில், விநாடிக்கு 44,100 புள்ளி, இரண்டு காதுக்கும் தனித்தனியே என்று பதிந்திருந்தால், ஒரே நிமிஷத்துக்கு எட்டு பிளாப்பி வேண்டியிருக்கும்.

இந்தப் புள்ளிகளுக்கு முன்னால் டப்பாவில் ஒட்டிய சீட்டு மாதிரி ஒரு தலைப்பு உண்டு. சாதாரணமாக 44 பைட். விநாடிக்கு எத்தனை புள்ளி, மொத்தம் எவ்வளவு நீளம் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். வேவ் பைல் என்பது இதுதான். பழைய டாஸ் கட்டளையால் இரண்டு பைலை அப்படியே ஒன்றன் வாலில் ஒன்றைச் சேர்த்தால், பைல் பெரிதாகும், பாட்டு நீளாது. முதல் சீட்டில் 'ஒரு நிமிஷம்' என்றுதானே எழுதியிருக்கிறது? கம்ப்யூட்டர் அதை நம்பி ஒரு நிமிஷத்தோடு நிறுத்திவிடும். மற்ற ஏழு நிமிஷமும் உள்ளே இருந்தும் ஊமையாய்க் கிடக்கும். ஆகவே ஒட்டுவதற்கென்று உள்ள கருவியால்தான் ஒட்ட வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதா? ஸவுண்ட் ரிக்கார்டரில் முதல் துண்டைத் திறந்து, நகரும் பொத்தானைக் கடைசி வரை தள்ளி, 'எடிட்' பட்டியலில் 'இன்ஸர்ட் பைல்' என்பதை அழுத்தி இரண்டாவதைச் சேர்க்கலாம். பொத்தான் நடுவில் நின்றால், இரண்டாம் சரணம் முதல் சரணத்தின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிடும்! அதைவிட இன்று இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாஸிட்டி' எவ்வளவோ தேவலை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் டொமினிக் மஸோனி, ராஜர் டானன்பர்க் என்ற இருவர் 1999-ல் ஆரம்பித்து, 2000-ல் வெளியிட்டது இது. ஒலி அலை கோடாகத் திரையில் தெரியும். துண்டுக்குத் துண்டு புள்ளிக் கணக்கு வேறாக இருந்தாலும் அதுவே சமாளித்துக் கொள்ளும். கணக்கு மாறி ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமா? 11,025 புள்ளி வீதம் பதிந்ததை 22,050 வீதம் ஓட விட்டால், பாட்டி கீச்சுக் குரலில் பாதி நேரத்தில் பாடி முடித்துவிடுவார். கல்யாண வீடு சிரித்துவிடும்.

இனி, ஒட்டுகிற இடம். முதல் துண்டின் கோடு உச்சிப் புள்ளியில் முடிந்து, அடுத்தது பள்ளத்துப் புள்ளியில் தொடங்கினால், நடுவில் செங்குத்தாக ஒரு தாவல். காதுக்கு அது 'டிக்' என்று கேட்கும். இரண்டு கோடும் நடுக்கோட்டைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்டினால் 'டிக்' இருக்காது. ஆடாஸிட்டியில் இஸட் எழுத்தை அழுத்தினால் அந்த இடத்தை அதுவே தேடித் தரும். இன்னொரு வழி, முதல் துண்டு மெல்லத் தேய, இரண்டாவது மெல்ல எழும்படி செய்வது. விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும்.

ஒன்று மட்டும் திரும்பக் கிடைக்காது. கம்ப்யூட்டர் நின்றதும் மறுபடி பொத்தானை அழுத்துவதற்குள் பாட்டி பாடிப் போன வார்த்தைகள். பல்லவியில் அதே வார்த்தை வருகிறதே, அதை எடுத்து இங்கே ஒட்டினால் என்ன என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். செய்யவும் முடியும், யாருக்கும் தெரியாது. என் அபிப்பிராயம், வேண்டாம். மூச்சு விடும் நேரம் ஓர் இடைவெளி விட்டுவிடுங்கள். விட்ட இடத்தைப் பாட அத்தையோ சித்தியோ கூடத்தில் இருக்கமாட்டார்களா?

கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தமும் பதிவில் 'உர்ர்' என்று இருக்கும். அதைக் கொஞ்சம் குறைக்கலாம். அடியோடு எடுக்கப் போனால் குரல் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். ஒட்டி முடிந்த பாட்டை வேவ் பைலாகவே இரண்டு இடத்தில் வையுங்கள். காது கவனிக்காது என்று தோன்றியதையெல்லாம் எம்.பி.3 கழித்துவிடுகிறது; அது உறவினர்களுக்கு அனுப்பப் போதும், மூலமாக வைத்துக்கொள்ளப் போதாது. ஒட்டாத எட்டுத் துண்டுகளையும் கை வைக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்.