அரைப்பேர்

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய மஸ்கெலியா தலைகாட்டும். 1960களின் இறுதியில் அணை எழுந்தபோது மூழ்கிய ஊர் அது. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேறு பூசிக்கொண்டு வெளியே வர, கரையில் நிற்கும் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கைநீட்டி ஏதேதோ காட்டுவார்கள். மழை பிடித்ததும் நீர் மறுபடி மூடிக்கொள்ளும். அத்தோடு பேச்சும் அடங்கிவிடும். வற்றும்போது மட்டுமே நினைக்கப்படும் ஊர் ஆண்டு முழுவதும் அடியில் அங்கேயேதான் இருக்கிறது.

மனச்சோர்வை ஆராய்பவர்களிடமும் இப்படியொரு நீர்மட்டம் உண்டு. 2001இல் வெளியாகி இன்று உலகெங்கும் புழங்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளில் மொத்தம் 27 புள்ளிகள். 10ஐத் தொட்டவரை மருத்துவம் கூர்ந்து பார்க்கிறது. 5 முதல் 9 வரை எடுத்தவர் ‘லேசானது’ என்ற சொல்லோடு வீடு திரும்புகிறார். அந்த லேசானதைச் சுமப்பவர்களில் கணிசமானோர் பின்னாளில் முழு நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதைத் தொடர் ஆய்வுகள் காட்டிவிட்டன. நம் நாட்டிலேயே, கொழும்பு மாவட்டத்தில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய் கண்டவர்கள் 6.6 சதவீதம் என்றது. அன்றாடக் காரியங்கள் குலைந்திருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைத் தளர்த்தியதும் அது 11.2 ஆனது. வேலை நிற்காததால் கணக்கில் வராமல் போன துயரமே இந்த இடைவெளி.

இந்தக் கணக்கு மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. விடிந்ததும் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம், பிறகு மலை, பிறகு தராசு. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எட்டினால் முழுநாள் கூலியான பேர், எட்டாவிட்டால் பாதிக் கூலியான அரைப்பேர். கூடையின் எடையைத் தராசு சொல்லிவிடும். கூடையைச் சுமந்து வந்தவளின் பாரத்தை அதனால் சொல்ல முடியாது. காய்ச்சலில் விழுந்தால் ஒரு நாள் விழுகிறது, கணக்கப்பிள்ளைக்குத் தெரிகிறது. உள்ளே ஏதோ விழுந்தும் கை மட்டும் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியும்? “ரெண்டு வாரமா அசதியா இருக்கா?” என்று கேள்வித்தாள் கேட்கும்போது, முப்பது வருடமாக மலையேறி இறங்குகிற பெண் எந்த அசதியை எடுத்துச் சொல்வாள்?

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு ஊற்றுகளை வகுத்தது: பிறரால் இழிவுபடுதல், இழத்தல், பழைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. மலையகத் தமிழரான நம் முன்னோரின் வரலாற்றை இந்த நான்கின் கீழும் எழுதிவிடலாம். காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்கள் வழியிலேயே உறவுகளைப் புதைத்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் பிறந்த மண்ணிலேயே அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதியை முடிவுசெய்யப் பத்தாண்டு பிடித்தது. இந்தியாவுக்குப் பிரிக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். கோச்சி போன மறுநாளும் பிரட்டு அடித்தது, எஞ்சியவர்கள் மலைக்குப் போனார்கள். தேயிலை ஒரு நாளும் நிற்கவில்லை. ஆகவே எந்த ஏட்டிலும் அந்தத் துயரம் ஏறவில்லை.

இதற்காக எல்லாக் கவலையையும் நோயென்று எழுதிவிடுவதும் சரியாகாது. மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் வெளியான தம் கட்டுரையில், மேற்கு நோயென்று பார்க்கும் துயரத்தை இலங்கைப் பௌத்தர் வாழ்வின் இயல்பாகவும் வழிபாடாகவும் மாற்றிக்கொள்வதைக் காட்டினார். நமக்கும் ஒப்பாரி இருந்தது, காமன் கூத்து இருந்தது, லயத்து வாசலில் பேன் பார்த்தபடி பேசித்தீர்க்கும் அந்திகள் இருந்தன. 10 புள்ளியில் கோடு கிழித்த மருத்துவர்களுக்கும் இந்த எச்சரிக்கை இருந்திருக்கும். ஆனால் நோயல்ல என்பதற்கும் ஒன்றுமில்லை என்பதற்கும் நடுவே பெரியதொரு நிலப்பரப்பு கிடக்கிறது. அங்கே முதலில் தேவைப்படுவது மாத்திரையல்ல என்பதை மருத்துவ வழிகாட்டிகளே இப்போது ஒப்புக்கொள்கின்றன. சிம்பாப்வேயில் 2006இல் தொடங்கிய திட்டமொன்றில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மரப்பெஞ்சில் அமர்ந்து காது கொடுத்தார்கள். அது பலன் தந்ததை 2016இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. பெஞ்சு அவர்களுடையது என்றாலும் பாட்டிமாருக்கு இங்கும் பஞ்சமில்லை.

அந்தியில் காம்பராவுக்குத் திரும்பியவள் அடுப்பை மூட்டிவிட்டு, ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, சும்மா ஒரு யோசனை” என்பாள். நூற்றைம்பது வருடமாக அந்தப் பதிலோடு எல்லாரும் எழுந்து போயிருக்கிறோம். என்ன யோசனை என்று இன்னொரு தரம் கேட்க, இனியாவது ஒருவர் அங்கே உட்கார வேண்டும்.