தலைப்பில் சுண்டெலி இருக்கட்டும்

புற்றுக்கட்டியின் நடுப்பகுதியில் ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் குறைவு. நோய் எதிர்ப்பு அணுக்களும் அங்கே எளிதில் எட்டுவதில்லை. மருந்து போய்ச் சேராத அந்த இடம்தான் சில பாக்டீரியாக்களுக்குத் தோதான இடம். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டால் டனினோ, நிக்கோலஸ் அர்ப்பயா குழுவினர் 2019-இல் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தீங்கில்லாத ஈ.கோலை வகை ஒன்றின் மரபணுவை மாற்றி, சுண்டெலிகளின் கட்டிக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அவை உள்ளே பெருகும். கூட்டம் ஓர் அளவைத் தொட்டதும் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் வெடித்து மருந்தைக் கொட்டும். தப்பிய சில மறுபடி பெருகும். 'என்னைத் தின்னாதே' என்று புற்றணு காட்டும் சிடி47 புரதத்தை அந்த மருந்து மறைத்துவிடுகிறது. ஊசி போட்ட கட்டி கரைந்தது. போடாத கட்டியின் வளர்ச்சியும் மட்டுப்பட்டது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஆனால், சுண்டெலிகளில் நன்றாக வேலை செய்த, வீரியம் குறைத்த சால்மோனெல்லா பாக்டீரியாவை மனிதர்களுக்குச் செலுத்திய சோதனையின் முடிவு அதற்கு முன்பே, 2002-இல் வந்திருந்தது. 25 நோயாளிகள், ஒருவருக்கும் கட்டி சொல்லும்படி சுருங்கவில்லை. அதற்காக இந்த ஆய்வைக் கைவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு பிசிஜி என்ற உயிருள்ள பாக்டீரியா பல்லாண்டுகளாகக் கைகொடுக்கிறதே! பணமும் பொறுமையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், கீமோ வார்டில் காத்திருக்கும் குடும்பங்கள் பத்திரிகைச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகின்றன. ஆகவே, செய்தி எழுதுகிறவர்களே, 'சுண்டெலி' என்ற சொல்லைக் கடைசிப் பத்திக்குத் தள்ளாமல் தலைப்பிலேயே போடுங்கள்.