ரீடிங் தப்பா வந்தா என்ன?

உண்மையைச் சொல்லுங்க. ஸ்கூல் பிசிக்ஸ் லேபில் எத்தனை ரீடிங்கை நிஜமா எடுத்தீங்க? எத்தனையை விடையிலிருந்து பின்னாடி கணக்குப் போட்டு எழுதினீங்க?

நானும் அப்படித்தான். பிளஸ் ஒன்னில் தனி ஊசல். ஒரு மீட்டர் நூல், 20 அலைவுக்கு 41 நொடி வந்தது. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.4. 9.8 வரணுமே! 41-ஐ அழிச்சு 40 ஆக்கினேன். ரெக்கார்டில் டிக் விழுந்தது.

அந்த ஒரு நொடி எங்கிருந்து வந்ததுன்னு யாரும் கேட்கலை. ஸ்டாப்வாட்சை லேட்டா நிறுத்தினேனா? நூலைக் குண்டின் மையம் வரை அளக்காம விட்டேனா? அறிவியலே அந்தக் கேள்வியில்தானே இருக்கு!

பலன் என்ன தெரியுமா? காலேஜ் முதல் வருஷம், மல்டிமீட்டரை ஆம்பியர் மோடில் வச்சு நேரா சப்ளையில் இணைச்சு ஃபியூஸைப் போக்கினேன். பிளஸ் டூ பிராக்டிக்கலில் முழு மார்க் வாங்கினவன் நான்!

ஸ்மார்ட் போர்டு, ரோபோ கிட் எல்லாம் வரட்டும். முதலில் மாற வேண்டியது மார்க் போடும் முறை. நம்ம ஸ்டேட் போர்டில் பிராக்டிக்கலுக்குத் தனியா மார்க் உண்டு. அதில் 5 மார்க்கை, "உன் ரீடிங் ஏன் விலகிச்சு?" என்ற கேள்விக்கு ஒதுக்கலாம். பைசா செலவில்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனா, பழைய ஸ்கூல் சார்கிட்ட ஒரு பீரியட் கேளுங்க. நூல், கல், உங்க போன் போதும். பசங்களுக்கு 9.4 வந்தா அழிக்க விடாதீங்க. ஏன்னு கேளுங்க.