பார்த்தலும் இடுதலும்

கணினியின் நினைவகத்தை நீண்டதோர் அறை வரிசையாக மாணவர்கள் மனத்திற் கொள்ளலாம். ஒவ்வோர் அறைக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் தங்கும். 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான ‘கொமடோர் 64’ என்னும் வீட்டுக் கணினியில் இத்தகைய அறைகள் 65,536 இருந்தன. அதன் ‘பேசிக்’ மொழியிலே, ஓர் அறையை எட்டிப் பார்ப்பதற்குப் ‘பீக்’ என்றும், அதனுள் ஓர் எண்ணை இடுவதற்குப் ‘போக்’ என்றும் இரு கட்டளைகள் அமைந்திருந்தன.

‘போக் 53280, 0’ என்று எழுதியதும் திரையின் ஓரம் கறுத்துவிடும். 0க்குப் பதிலாக 2 இட்டாற் சிவந்துவிடும். இது மாயமன்று. திரையிற் படத்தைத் தோற்றுவிக்கும் மின்னுறுப்பு, ஓரத்தின் நிறத்தை அறிந்துகொள்ளும் இடமே 53280. அவ்வாறே, 1024 முதலாகத் தொடரும் 1000 அறைகள், வரிக்கு 40 எழுத்துகளாக 25 வரிகள் கொண்ட திரையாகக் காட்சியளித்தன. எண்ணே நிறமாகவும் எழுத்தாகவும் மாறுவதை அக்காலத்து இளைஞர் தம் கைப்படக் கண்டறிந்தனர்.

ஆனால், இட்ட கட்டளையின் விளைவை அப்பொறி ஆராய்வதில்லை. தவறான அறையில் எண்ணை இட்டால் அது செயலற்று நின்றுவிடும். நிறுத்தி மீண்டும் இயக்கினாற் பொறி பிழைக்கும். சேமித்து வையாத உழைப்புப் பிழையாது. அந்நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘பெற்’ கணினியின் கதை இன்னும் கடுமையானது. அதன் 59458ஆம் அறையில் ஓர் எண்ணை இட்டுத் திரையின் வேகத்தைக் கூட்டுவது வழக்கமாயிருந்தது. முந்திய பொறிகளில் நன்மை செய்த அதே கட்டளை, மின்சுற்று மாற்றியமைக்கப்பட்ட பிந்திய பொறிகளிலே திரையைப் பழுதாக்கக் கூடியதாயிற்று.

இன்றைய கணினியிற் பல செய்நிரல்கள் ஒருங்கே இயங்குகின்றன. ஒன்றின் அறையில் மற்றொன்று கைவைத்தால் நம் கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் காப்பேது? ஆதலின், பிறர் அறையை நாடும் செய்நிரலைப் பணிசெயல் முறைமை தடுத்து நிறுத்திவிடுகிறது. இச்சுவர் வேண்டியதே. எனினும், சுவருக்கு அப்பால் உள்ளதைக் காணாத மாணவன் பொறியைப் பயன்படுத்துவோனாக நிற்பானேயன்றி, அதை ஆக்குவோனாக உயர்தல் அரிது.

வழி அடைபட்டுவிடவில்லை. ‘அர்டுயீனோ ஊனோ’ போன்ற சிறு பலகைகளில் இன்றும் அச்சுவர் இல்லை. உரிய இடங்களில் உரிய எண்களை எழுதினாற் பலகையிலுள்ள விளக்கு எரியும். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பை அளித்தல் நன்று. பிள்ளைகளும் ஒன்றை மறத்தலாகாது: முதலிற் பார்த்தல், பின்னரே இடுதல்.