மாட்டுக்கு ஒரு நாள் போதுமா?

கர்நாடகத்தில் மகர சங்கராந்திக்கு ஒரு நாள்தான் அரசு விடுமுறை. மறுநாள், மாட்டுப் பொங்கலன்று, வைட்ஃபீல்ட் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் நம்மவர்கள் வழக்கம்போல் வேலையில் இருப்பார்கள். ஊரில் அண்ணன் தம்பிகள் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் தீட்டும் வேளையில், நாம் அங்கே இல்லையே என்ற ஏக்கம் இயல்பானதே.

ஆயினும், அந்தக் காட்சி இந்த மாநிலத்திலும் உண்டு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. தென் கர்நாடகக் கிராமங்களில் சங்கராந்தி அன்றே மாடுகளைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, பூஜை செய்கிறார்கள். மாலையில் வைக்கோலைப் பரப்பித் தீ மூட்டி, அதைத் தாண்டி மாடுகளை ஓட்டுகிறார்கள். ‘கிச்சு ஹாயிசுவது’ என்பது அதன் பெயர். எள்ளும் வெல்லமும் கொடுத்து, நல்லதையே பேசுங்கள் என்கிறார்கள். நாள்தான் முன்பின்; நன்றி ஒன்றே.

அந்த நன்றி ஒரு மாலையோடு முடிந்துவிடலாமா என்பதே நமது கேள்வி. வைட்ஃபீல்டே உழவுக்காக உண்டான ஊர். 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் அளித்த 3,900 ஏக்கரில் ஆங்கிலோ இந்தியர்களின் விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கியது. 1990களில் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் வயல்கள் கட்டடங்களாயின. நூறு மாடுகளுக்கு 12 ஹெக்டேர், அதாவது சுமார் 30 ஏக்கர், மேய்ச்சல் நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் நில வருவாய் விதிகள் கூறுகின்றன. கன்னடத்தில் ‘கோமாளா’ எனப்படும் அந்த நிலம், நகரம் பரவும் இடமெல்லாம் சுருங்குகிறது. அருகிலுள்ள வர்த்தூர் ஏரியிலோ, 2015இல் கழிவுநீர் நுரைத்துச் சாலைக்கே வந்தது. பால் பொங்க வேண்டிய ஊரில் நுரை பொங்கியது!

கட்டடமே வேண்டாமென்று நாம் கூறவில்லை. அவைதான் இன்று நமக்குச் சோறு போடுகின்றன. ஆனால் எஞ்சிய மேய்ச்சல் நிலமும் ஏரியும் காக்கப்பட வேண்டும். அதற்காகக் கன்னடச் சகோதரர்கள் குரல் கொடுக்கும்போது, ‘இது நம் ஊர் விவகாரமல்ல’ என்று ஒதுங்குவது முறையல்ல. வரும் சங்கராந்தி மாலையில் பக்கத்துக் கிராமத்துக்குச் சென்று அவர்களோடு நிற்போம். சொந்த ஊருக்குப் பணம் அனுப்புவோர், அங்குள்ள மந்தைவெளி வீட்டுமனையாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மேய இடமில்லாத மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசி என்ன பயன்?